மெர்னா நின்ற மூலை

முன்கதவை யாரோ தட்டினார்கள். மெர்னா ட்யாடன் கையிலிருந்த மாவுக் கிண்ணத்தைத் தரையில் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் முன்கதவைத் தட்டுவதில்லை. அக்கம்பக்கம், உறவு, பன்றி விலை பேச வருகிறவன், பாதிரியார் என்று எல்லோரும் பின்கட்டில் சேற்றுக் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குள் வந்து நிற்பார்கள். முன்கதவுக்கு வருகிறவன் அந்நியன். மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டுக்கு எந்த அந்நியன் வருவான் என்று மெர்னாவுக்குத் தெரியும். சீருடையில் இரண்டு பேர் வருவார்கள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். உட்காருங்கள் என்று அவளிடமே சொல்வார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்து ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது இருபது வயது, தலையில் பின்னல் தொப்பி, கையில் கட்டுக் காகிதம், குளிரில் நீலம் பாரித்த உதடு. மெர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"வணக்கம்மா! நான் கவர்னர் ஸ்ட்ரான்டுக்காக வந்திருக்கேன். ஒரு ரெண்டு நிமிஷம்..."

"ஏம்மா, உனக்கு அறிவுன்னு ஒன்னு இருக்கா? பின்னாடி வாசல் இருக்கே, கண்ணு தெரியலையா? நேத்து ஒருத்தன், முந்தாநாள் ரெண்டு பேர், இன்னிக்கு நீ! என் உசிரை எடுக்கணும்னே கிளம்பி வர்றீங்களா?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். தெற்கே எங்கோ வெயில் ஊரிலிருந்து வந்தவள், பாவம். வீட்டுக்கு முன்வாசல் இருந்தால் அதில்தானே தட்டுவார்கள்? அவள் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் மெர்னா இறங்கி வந்தாள். "சரி சரி, உள்ள வா. காபி குடிச்சிட்டுப் போ. மாவை மிதிச்சிடாத," என்றாள்.

அது 2004 ஜனவரி. அயோவாவின் குளிர் அந்த வருடம் ஈவிரக்கம் இல்லாமல் அடித்தது. நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு நிற்க எதிர்க்கட்சியில் எட்டுப் பேர் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் என்பதற்கு முதல் சோதனை எங்கள் மாநிலத்தில்தான். அதனால் எட்டுப் பேரின் ஆட்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் மெர்னா ஜன்னலுக்கு ஓடினாள். அவள் புருஷன் ஹார்லன் அதைப் பார்த்துச் சகிக்காமல் ஒரு பலகையில் 'அரசியல்காரர்கள் பின்பக்கம் வரவும்' என்று பெயின்ட் அடித்து முன்கதவில் மாட்டினான். நல்ல யோசனைதான். ஆனால் சாயங்காலத்துக்குள் மெர்னாவுக்கு வேறொன்று உறைத்துவிட்டது. இனிமேல் அரசியல்காரர்கள் எல்லாம் பின்பக்கம் போய்விடுவார்கள். அப்புறம் முன்கதவில் ஒரு தட்டல் கேட்டால் அது யாராக இருக்கும்? விளக்கு வைப்பதற்குள் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டாள்.

மெர்னா பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சூறாவளிச் சங்கு ஊதினால் ஊரில் பாதிப் பேர் வாசலில் நின்று வானத்தை வேடிக்கை பார்ப்பார்கள். மெர்னா முதல் சத்தத்திலேயே நிலவறைக்குள் இருப்பாள். மக்காச்சோளக் குதிருக்குள் மகன் ஏறக் கூடாது, குளத்தில் பனி எத்தனை கெட்டியாக இருந்தாலும் கால் வைக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. மிளகாய்க் காரம் போட்ட பீன்ஸ் குழம்பும் பட்டை தூவிய இனிப்புச் சுருளும் அவள் போடும் நாளில் ஒரு பிள்ளைகூட லீவு போடாது. அந்தச் சுருளுக்கே ஊரில் அவளுக்கு மரியாதை. கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஒரே மகன் கேலன். அவன் தாடியும் மீசையுமாக வளர்ந்த பிறகும், சாலையைக் கடக்கும்போது அவன் முழங்கையைப் பிடிக்கிறவள் அவள்.

அந்தக் கேலன்தான் கல்லூரிப் படிப்புச் செலவுக்காக மாநிலத்தின் துணைப்படையில் சேர்ந்தான். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, வெள்ளம் வந்தால் மணல் மூட்டை அடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று படைக்கு ஆள் சேர்க்க வந்தவர் சொன்னார். போன இலையுதிர் காலத்தில் அவன் பிரிவை மொத்தமாக ஈராக்குக்கு அனுப்பினார்கள். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள்தான் எல்லோரும். கேலனுக்கு அங்கே லாரி ஓட்டும் வேலை. மெர்னாவுடன் படித்த கார்லிஸ் ஹேகனின் மகள் ப்ரிட்டாவும் அதே பிரிவில் லாரி ஓட்டினாள். ப்ரிட்டா இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். வரிசையில் நின்று மெர்னாவிடம் இரண்டு சுருள் கேட்டு வாங்குகிற பெண்.

ஆக, எட்டுப் பேரில் யார் என்பது ஊருக்கு அரசியல். மெர்னாவுக்கு மகன்.

எங்கள் ஆட்கள் இந்த விஷயத்தில் பொல்லாதவர்கள். நாட்டுக்கே தலைவனாகப் போகிறவன் எங்கள் காபிக் கடைக்கு வந்து ஆப்பிள் பை தின்றாக வேண்டும், தானியக் கிடங்கில் வந்து தூசு தின்றாக வேண்டும், தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். "யாருக்குப்பா உன் ஓட்டு?" என்று கேட்டால், "எப்படிச் சொல்றது? நாலு பேரை ஒரே ஒரு தடவைதானே பார்த்திருக்கேன்," என்பான் எங்கள் ஆள், ஏதோ பெண் பார்க்கப் போகிறவன் போல. ஹார்லன் இன்னும் மோசம். "பன்னி வாங்குறப்பவே காலைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குறோம். இவனுங்களை மட்டும் சும்மா விட்டுடுவோமா?" என்பான்.

யார் எங்கே வந்தாலும் மெர்னா போனாள். பனியில் சறுக்கிக்கொண்டு போனாள். ஒரே கேள்விதான். "என் பையன் ஈராக்ல லாரி ஓட்டுறான். அவனை எப்பக் கூட்டிட்டு வருவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள்.

ஒருத்தர் தன் அப்பா போன போரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசி, கேள்வியை மறந்துவிட்டார். இன்னொருத்தர் கண்ணீர் விட்டார். விடும்போதே கேமரா எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மற்றொருத்தர் தன் படம் போட்ட பேனாவைக் கொடுத்தார். அது எழுதவும் இல்லை. இப்படி அவள் கணக்கில் ஐந்து பேர் கழிந்தார்கள். மூன்று பேர் மிஞ்சினார்கள்.

முதலாமவர் செனட்டர் விட்லாக். நெட்டை ஆள், நரைத்த தலை, நடுங்காத கை. போருக்கு ஓட்டுப் போட்டவர் அவர். ராணுவ விவகாரக் குழுவிலும் இருந்தார். "அன்னிக்கு எங்க கையில இருந்த தகவலை வெச்சு முடிவு எடுத்தோம்மா," என்று ஆரம்பித்து, நேச நாடுகள், பொறுப்பு, படிப்படியாக என்று சொல்லி முடித்தார். ஹார்லனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. மெர்னாவுக்கு அவர் குரலைக் கேட்டாலே எரிந்தது.

இரண்டாமவர் கவர்னர் ஸ்ட்ரான்ட். குள்ளமாக, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நரம்பு புடைக்கக் கத்துகிறவர். மெர்னாவின் கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. "முதல் நாள்! நான் பதவியேத்த முதல் நாளே உத்தரவு போடுவேன். உங்க பையன் வீட்டுக்கு வருவான்!" என்று மேஜையில் அடித்தார். தேவாலயத்துக் கீழ்த்தளமே கைதட்டி அதிர்ந்தது. அன்று மெர்னா பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாவது, கீழவை உறுப்பினர் பாஸெக் அம்மாள். காபிக் கடைக்கு ஜலதோஷத்தோடு வந்தாள். பன்னிரண்டு பேர்தான் கூட்டம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உங்க பையன் என்ன ஓட்டுறான்னு சொன்னீங்க?" என்றாள்.

"லாரிங்க."

அந்த அம்மாள் கைக்குட்டையை மேஜையில் வைத்தாள். "முதல் நாளே கூட்டிட்டு வரேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்க இருக்காங்க. சாமான், துப்பாக்கி, பெட்ரோல், சோறு எல்லாத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டாந்து சேர்க்கிறது யாரு? லாரிக்காரங்கதான். எல்லாரும் போனப்புறம் கடைசியாப் போறது அவங்கதான். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

மெர்னா எழுந்துவிட்டாள். கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல் வெளியே வந்துவிட்டாள். "நாக்கா அது! தேள் கொடுக்கு! ஒரு தாய்கிட்ட பேசுற பேச்சா?" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் காலியான முகாமும் கடைசியாகப் புறப்படுகிற லாரியும்தான் தெரிந்தன.

"கவர்னர்தான்," என்றாள் ஹார்லனிடம். "முதல் நாளேன்னு சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"அந்த ஆளு ஜெயிக்கவே மாட்டான் மெர்னா. நவம்பர்ல நாடு முழுக்க நின்னா மண்ணைக் கவ்வுவான். விட்லாக்தான் ஜெயிக்கிற ஆளு."

"அவருதான் போருக்கே கையைத் தூக்கினாரு! உன் மகனை அனுப்பினவருக்கே போய் ஓட்டுப் போடுவியா?"

"ஜெயிக்காதவன் எப்படிடி கூட்டிட்டு வருவான்? வாயாலயா?"

சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். ஹார்லன் மகனைப் பற்றிப் பேச மாட்டான். தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பான். லாரி எரிகிற படம் வந்தால் எழுந்து கிட்டே போய்ப் பார்ப்பான். அவனுக்கும் இவளுக்கும் பயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இவள் வாய்விட்டுப் பயந்தாள், அவ்வளவுதான்.

ஊர் கூடி ஓட்டுச் சொல்லும் கூட்டத்துக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. கேலன். அவன் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தில் மெர்னா மூச்சுவிட மாட்டாள்.

"சாப்பிட்டியாடா? குளிருதா அங்க?"

"ராத்திரி குளிருதும்மா. நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்கு முழுக்க வெல்டிங் வேலை. லாரிக் கதவுக்கு இரும்புத் தகடு அடிக்கிறோம்."

"எதுக்குடா?"

"கதவு வெறும் தகரம்தானேம்மா. குப்பை மேட்டுல தகடு பொறுக்கிட்டு வந்து நாங்களே ஒட்டிக்கிறோம். எல்லாருக்கும் பத்தல. தரையில மணல் மூட்டை போட்டிருக்கேன்." அவன் சிரித்தான். "எனக்குப் பின்னாடி ப்ரிட்டா வண்டி வருது. அவ அப்பா கொட்டகைக் கூரை இங்க இருந்தா ஊருக்கே இரும்புக் கதவு போடலாம்னு சொல்லிட்டிருக்கா."

மெர்னா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "கேலன், நாளைக்கு இங்க கூட்டம்டா. எட்டுப் பேரு நிக்கிறாங்க. யாரு வந்தா உனக்கு நல்லது? நீ சொல்லு, அவருக்குப் போய் நிக்கிறேன்."

தாமதம். "யாரு ஜெயிச்சாலும் அடுத்த ஜனவரியிலதானேம்மா வந்து உக்காருவாங்க? அதுக்குள்ள என் முறை முடிஞ்சிடும். நீ அதுக்குப் போய்..." லைன் அறுந்தது.

தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போதுதான் அது அவளுக்கு முழுக்க விளங்கியது. குளிர்காலம் முழுக்க எட்டுப் பேரையும் நிறுத்து, புரட்டி, தூக்கம் கெட்டுப் பார்த்தாளே, அதில் ஒருத்தராலும் இந்த வருடம் ஒரு மண்ணும் செய்ய முடியாது. கேலனுக்கு நடக்க வேண்டியதெல்லாம் இந்த வருடத்துக்குள்ளேயே நடந்துவிடும். பக்கத்தில் நின்றவர்கள் பாட, அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் புரட்டாததைப் பார்த்து ஹார்லன் புத்தகத்தை வாங்கிக்கொண்டான்.

திங்கள் மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். எங்கள் முறையில் பெட்டியும் கிடையாது, மறைப்பும் கிடையாது. யாருக்கு ஓட்டோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். ஊர் பார்க்கும். புருஷன் பார்ப்பான். தலையை எண்ணுவார்கள். வந்த கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் இல்லையென்றால் அந்த மூலை செல்லாது, அங்கே நிற்பவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். அதற்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் சந்தைக்கடை ஆகிவிடும்.

மெர்னா போய்க் கவர்னர் மூலையில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றாள். வேறு எங்கே நிற்பது என்று தெரியாமல்தான் நின்றாள். ஹார்லன் எதிர் மூலையில் விட்லாக் ஆட்களோடு நின்றான். கார்லிஸும் அவள் புருஷனும் அங்கேதான் நின்றார்கள். கதவோரம் பாஸெக் அம்மாளுக்கு நாலே பேர் நின்றார்கள்.

மொத்தம் அறுபது பேர். ஒரு மூலைக்கு ஒன்பது தலை வேண்டும். கவர்னருக்கு நாற்பதுக்கு மேல் தேறியது. விட்லாக் மூலையில் எட்டு.

"எட்டா? திரும்ப எண்ணுங்க!" என்று கத்தினான் ஆர்டன் மீஸ்டர். விதைக்கடைக்காரன், விட்லாக்குக்கு எங்கள் வட்டத்துப் பொறுப்பாளன். திரும்ப எண்ணினார்கள். எட்டுத்தான்.

ஆர்டன் கூடத்தைக் குறுக்கே கடந்து நேராக மெர்னாவிடம் வந்தான். "மெர்னா, உன் புருஷன் அங்க நிக்கிறான், நீ இங்க நிக்கிற. நல்லாவா இருக்கு? இங்க உங்களுக்கு ஆள் வழிஞ்சு கிடக்கு. நீ ஒருத்தி வந்தா எங்களுக்கு மூலை செல்லும். ஒரே ஒரு ஆளு!"

"உன் கடைக்குச் சாமான் வாங்க வந்தா இப்படிக் கெஞ்ச மாட்டியே ஆர்டன்," என்று கவர்னர் கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மெர்னா சிரிக்கவில்லை. விட்லாக் அடுத்த ஜனவரியில் வருகிறவர் இல்லையே, இன்றைக்கே ராணுவக் குழுவில் உட்கார்ந்திருக்கிறவர் ஆயிற்றே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வரேன்," என்றாள். "முதல்ல அவர்கிட்ட நான் பேசணும்."

"யார்கிட்ட?"

"செனட்டர்கிட்ட. இப்ப. போன்ல."

ஆர்டன் கடிகாரத்தைப் பார்த்தான். செல்போனை எடுத்து ஒரு நம்பரை அடித்து, "ஆமாய்யா, ஒரே ஒரு அம்மா! ஒன்னு இல்லைன்னா பூஜ்யம்!" என்று யாரிடமோ கத்தி, இன்னொருவரிடம் கெஞ்சி, கடைசியில் போனை அவள் கையில் வைத்தான். கூடத்தில் பேச்சு குறைந்தது.

"சொல்லுங்கம்மா," என்றது அந்தக் குரல். பின்னால் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது.

மெர்னா போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஐயா, என் பையன் லாரிக்கு இரும்பு வேணும். கதவுக்கு. குப்பையில பொறுக்குறாங்க. அது பத்தல. நீங்க அந்தக் குழுவுலதானே இருக்கீங்க? அனுப்புங்க. நான் வந்து நிக்கிறேன்," என்றாள்.

"எத்தனை வண்டிம்மா?"

நிறையக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். கிடைக்கிறதையும் கெடுத்துக்கொள்வோமோ என்று நினைத்தாள்.

"ஒன்னு," என்றாள். "என் பையன் ஓட்டுறது."

"ஒரே வண்டியா?" அவர் குரல் இளகியது. "அதை இந்த வாரமே முடிச்சுத் தரேன்மா. என் வார்த்தை. பேரைச் சொல்லுங்க."

கேலன் ட்யாடன் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பிரிவின் பெயரையும் சொன்னாள். போனைக் கொடுத்துவிட்டுக் கூடத்தைக் கடந்து விட்லாக் மூலைக்கு நடந்தாள். கால் தரையில் பாவவில்லை. ஹார்லன் அவள் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டான். அவன் உடம்பு குலுங்கியது. ஆர்டன், "ஒன்பது!" என்று கையைத் தூக்கினான்.

கார்லிஸ் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"ஒரு லாரிக்கா மெர்னா?" என்றாள் மெதுவாக. சண்டைக் குரல் இல்லை. "ப்ரிட்டா வண்டி அதுக்குப் பின்னாடிதானே வருது."

மெர்னா அவள் கையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். அப்புறம் ஆர்டனிடம் திரும்பி, "இன்னொரு தடவை போடு. எல்லா வண்டிக்கும் கேக்கணும்," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அவரு ஜனாதிபதிக்கு நிக்கிறவரு, உன் வீட்டு எடுபிடியா?"

"போடு. இல்லைன்னா நான் இங்க நிக்க மாட்டேன்."

போட்டான். இந்த முறை செனட்டரின் குரலில் அவசரம் இருந்தது. அம்மா, மொத்தப் பிரிவுக்கும் என்றால் அது ராணுவத்தின் கையில் இருக்கிறது, தகடு தயாரிக்கவே மாதக்கணக்காகும், நான் கடிதம் எழுதலாம், குழுவில் கேள்வி கேட்கலாம், அதற்கு மேல் இன்று எதையும் சொல்வது நியாயம் இல்லை. உங்கள் பையன் வண்டி விஷயம் சொன்னது சொன்னதுதான். இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் சொன்னதில் தப்பில்லை என்று மெர்னாவுக்கே தோன்றியது.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒன்னுக்குத்தானாம்," என்றாள் கார்லிஸிடம்.

கார்லிஸ் தரையைப் பார்த்தாள். "நீ நில்லு. ஒருத்தராவது பத்திரமா இருக்கட்டும்," என்றாள். சொன்னாளே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டத் தலைவி ஐந்து நிமிடம் இருப்பதாக அறிவித்தாள். மெர்னா நிற்கத்தான் பார்த்தாள். சத்தியமாக நிற்கத்தான் பார்த்தாள். கேலன் வண்டிக்கு ஒரு தகடு, கெட்டியான, தொழிற்சாலையில் செய்த தகடு. அந்த வண்டி தப்பிப் போக, பின்னால் வருகிற வண்டி... பக்கத்தில் கார்லிஸ் கோட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மெர்னாவின் கால் நகர்ந்தது.

ஹார்லன் அவள் சட்டைக் கையைப் பிடித்தான். "மெர்னா, வேணாம். நில்லு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், நில்லு." மகன் புறப்பட்ட அன்றுகூட அவன் குரல் அப்படிக் கேட்டதில்லை. அவள் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, சுவரோரம் ஆட்டம் பார்ப்பவர்களுக்காகப் போட்டிருந்த மரப்படியில் போய் உட்கார்ந்தாள். கவர்னர் மூலையில் அவளைக் கூப்பிட்டார்கள். கதவோரம் பாஸெக் அம்மாளின் நாலு பேர் கையைக் காட்டினார்கள். அவள் எங்கும் போகவில்லை. எந்தக் கணக்கிலும் அவள் தலை வரவில்லை.

"எட்டு," என்றாள் தலைவி.

விட்லாக் மூலை கலைந்தது. ஆர்டன் அவளைத் தாண்டிப் போகும்போது, "இருபது வருஷமா பழகுறேன். நல்லா செஞ்ச!" என்று பல்லைக் கடித்தான். கார்லிஸ் அவளிடம் வரவில்லை. வந்து என்னதான் சொல்ல முடியும்?

வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரம் வரை ஹார்லன் சாலையையே பார்த்து ஓட்டினான். காற்று பனித்தூளைச் சாலைக்குக் குறுக்கே அள்ளிக்கொண்டு போனது.

"கையில வந்துச்சு," என்றான் கடைசியில். "கையில வந்ததை விட்டுட்டியே."

"அந்த ஆளு பொய்கூடச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வண்டிக்கு யாராவது இரும்பு அனுப்புவாங்களா?"

"பொய்யாவே இருக்கட்டுமே! இந்த வாரம் முழுக்க அதை நெனச்சுட்டாவது தூங்கியிருப்பேன்ல?"

வயலோரக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வந்து போயின.

"கார்லிஸ் அங்க நிக்கலைன்னா?" என்று கேட்டான்.

மெர்னா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "வாங்கிட்டு வந்திருப்பேன். யார்கிட்டயும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

ஹார்லன் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் அவ நின்னாலும் வாங்கியிருப்பேன் மெர்னா," என்றான்.

அவள் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கேலனுக்கு இன்னும் ஒன்பது மாதம் பாக்கி இருந்தது.